தின்னனூர் வரைக்கும் ஊறட்டும்

என் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதற்கு அன்புதான் காரணம். இதை டாக்டரிடமே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிறுநீரக டாக்டர்கள் அவ்வளவு சுலபத்தில் சிரிக்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் திருநின்றவூரிலிருந்து தினமும் மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து பாரிமுனையில் ஒரு பேப்பர் மொத்தக் கடைக்கு பில் போடப் போகிறவள். கணவர் போய் வெகு காலமாகிறது. ஒரே மகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. எப்போது வருவாய் என்று கேட்டால் "பாக்கலாம்மா" என்பாள். ஏதாவது ஒரு நாள் திடீரென்று வந்து நிற்பாள். சொந்தமாக ஒரு சின்ன வீடு, வாசலில் ஒரு முருங்கை மரம், நினைத்த மாத்திரத்தில் வருகிற ஒரு கோபம். இவைதான் என் ஆஸ்தி. இவற்றோடு ரயிலின் லேடீஸ் பெட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெட்டியில் எங்களுக்குப் பெயர் கிடையாது. யார் எந்த ஸ்டேஷனில் ஏறுகிறார்களோ அதுதான் பெயர். நான் தின்னனூர். திருநின்றவூர் என்று முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும் என்பதால் ஊர் வாயில் அப்படிச் சுருங்கிவிட்டது. எனக்குப் பிறகு ஏறுகிறவள் பட்டாபிராம். சௌகார்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை மடிக்கிறாள். அவள் பேச ஆரம்பித்தால் பக்கத்துப் பெட்டியில் ஆண்கள் சீட்டாட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் ஆவடி. பூந்தமல்லியில் பிறந்து ஆவடிக்கு வாழ்க்கைப்பட்டவள். மண்ணடியில் புர்காவுக்குக் கல் பதிக்கிற வேலை. மெதுவாகத்தான் பேசுவாள், ஆனால் கடைசி வார்த்தை அவளுடையதாக இருக்கும்.

காலையில் மூவரும் டிபன் டப்பாவைத் திறந்து பகிர்ந்துகொள்வோம். மாலையில் காய் நறுக்குவோம். இது எங்கள் தடத்தில் வழக்கம். சென்ட்ரல் வாசலில் காய் வாங்கி, வண்டி கிளம்பியதும் மடியில் செய்தித்தாளை விரித்து, ஆளுக்கொரு சின்னக் கத்தியோடு உட்கார்ந்துவிட்டால் வீடு சேரும்போது பீன்ஸ் பொரியலுக்குத் தயாராக இருக்கும். அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதுதான் பாக்கி.

எனக்குச் சர்க்கரை பல வருஷமாக உண்டு. ரத்தக் கொதிப்பும் உண்டு. ஒரு வழக்கமான சோதனையில் "கிட்னி லேசா சோர்ந்திருக்கு, கவனமா இருங்க" என்றார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். ரயிலில் சொன்னேன்.

"இன்னாக்கா, கிட்னியா?" பட்டாபிராம் எழுந்தே நின்றுவிட்டாள். "வாயத்தண்டுக்கு மிஞ்சின மருந்து இன்னா கீது? நாளைலர்ந்து நான் எட்தாறேன். நீ குடிச்சிக்கினே இரு, அது பாட்டுக்கு கிட்னிய கழுவி உட்ரும்."

மறுநாளிலிருந்து ஒரு பழைய குளிர்பான பாட்டில் நிறைய வாழைத்தண்டு ஜூஸ் வந்தது. விடியற்காலை எழுந்து நார் எடுத்து, அரைத்து, வடிகட்டிக் கொண்டுவருவாள். நான் குடித்து முடிக்கும் வரை எதிரே நின்று பார்ப்பாள். ஆவடியும் சும்மா இருக்கவில்லை. மெக்காவுக்கு உம்ரா போய் வந்த உறவினர் கொடுத்த பேரீச்சம்பழத்தை எனக்கென்று தனியாக எடுத்து வைத்துக் கொண்டுவந்தாள். பெங்களூரில் என் மகளுக்கு விஷயம் தெரிந்ததும் கூரியரில் ஒரு பெட்டி உப்பு வந்தது. சோடியம் குறைத்த உப்பாம், கொதிப்புக்கு நல்லதாம். தெருவில் யார் என்னைப் பார்க்க வந்தாலும் கையில் இளநீர். நம்மூரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. ஒருவர் மனதையும் புண்படுத்தக் கூடாதென்று எல்லாவற்றையும் குடித்தேன், தின்றேன், குழம்பில் போட்டேன்.

பிறகு ஒரு நாள் சென்ட்ரலில் இறங்கிப் படியேறும்போது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வலி இல்லை, வீக்கம் இல்லை. கால் வேறு யாருடையதோ போல இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆவடி பிடிவாதமாக அன்று மாலையே என்னை ஆவடியில் இறக்கி ரத்தம் கொடுக்க வைத்தாள். ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது: பொட்டாசியம் ஆறைத் தாண்டிவிட்டது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இது இதயத்தை நிறுத்திவிடக் கூடியது.

ஓரிரு நாள் படுக்கையில் போட்டு ஊசி மருந்துகளில் இறக்கினார்கள். மகள் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்தாள். டாக்டர் என்னைவிட வயதில் மிகவும் சின்னவர், கோபத்தில் எனக்குச் சமமானவர். என்னென்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வாழைத்தண்டு, பேரீச்சம்பழம், இளநீர்... ஏம்மா, தேடித் தேடிச் சாப்பிட்டீங்களா? அந்த உப்பு இருக்கே, சோடியத்தை எடுத்துட்டு அந்த இடத்துல பொட்டாசியத்தைத்தான் போட்டிருக்காங்க."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பாவமாக இருந்தது. அன்பு கூரியரிலும் வரும் என்று அப்போதுதான் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்காததும் அப்போதுதான்.

எல்லாவற்றையும் நிறுத்தினோம். கொதிப்பு மாத்திரையையும் மாற்றினார். பழைய மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றுகிற ரகமாம். சில வாரம் கழித்துப் பார்த்தால், எண் இறங்கியிருந்தது. ஆனால் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வேறொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். அந்த முடிவு வந்த அன்று மகள் மறுபடி வந்திருந்தாள். "கிட்னி போயிடுச்சா டாக்டர்?" என்று நேராகக் கேட்டாள்.

"போகல. கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு. இவ்வளவு தேய்மானத்துக்கு இவ்வளவு பொட்டாசியம் ஏறாது. அதனாலதான் சந்தேகப்பட்டேன்." டாக்டர் இரண்டு கையையும் முஷ்டியாக்கி மேஜைமேல் வைத்தார். "இது கிட்னி. இதோட தலையில குல்லா மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கு. அதுலேர்ந்து ஒரு ஹார்மோன் வரும். உப்பை வச்சுக்கோ, பொட்டாசியத்தை வெளிய தள்ளுன்னு கிட்னிக்கு உத்தரவு போடறது அதுதான். உங்கம்மாவுக்கு அந்த ஹார்மோன் கம்மி. ரொம்ப நாள் சர்க்கரை இருக்கறவங்களுக்கு இப்படி வர்றதுண்டு."

"அப்போ சுரப்பிக்குத்தான் வியாதியா?" என்றேன்.

"அப்படியும் சொல்ல முடியாது. சுரப்பியைத் தட்டி எழுப்பறதே கிட்னிதான். இது எழுப்பறதில்ல, அது எழுந்திருக்கறதில்ல."

ஒரே கூரைக்குக் கீழே பேச்சுவார்த்தை இல்லாத மாமியார் மருமகள் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். "உத்தரவே வரலேன்னா கிட்னி என்ன பண்ணும் டாக்டர்?"

"சும்மா இருக்காது. ரத்தத்துல பொட்டாசியம் சேரச் சேர அதுவாவே கொஞ்சம் வெளிய தள்ளும். யாரும் சொல்லணும்னு காத்திருக்காது. ஆனா அதுக்குக் கிட்னிக்குள்ள இருக்கிற குழாயோட கடைசி வளைவு வரைக்கும் உப்பும் தண்ணியும் நல்லா ஓடி வரணும். அதுக்கு ஒரு மாத்திரை தர்றேன். சாதாரண உப்பையே அளவா போட்டுக்கோங்க. உள்ள போற பொட்டாசியத்தை மட்டும் நீங்க குறைக்கணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் சொல்லாமலே தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிற என் கிட்னியின் மேல் திடீரென்று ஒரு பாசம் வந்தது. நானும் இத்தனை வருஷம் அப்படித்தானே ஓட்டினேன் என்று தோன்றியது.

மகளுக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. வெளியே வந்ததும் மருந்துக்கடை வாசலிலேயே நின்று தீர்ப்புச் சொன்னாள். "அடுத்த டெஸ்ட்ல சரியா வரலேன்னா வேலையை விட்டுட்டு எங்கூட வந்துடணும். வீட்டைப் பூட்டிட்டு. அதுக்கப்புறம் பேச்சே கிடையாது."

"சரி, வர்றேன்" என்றேன். கோபம் வந்தால் மற்றவர்கள் மாட்டேன் என்பார்கள். நான் சரி என்பேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அவள் வீட்டைப் பார்த்திருக்கிறேன். மேகம் தொடுகிற உயரத்தில் ஒரு பிளாட். கதவுகள் எல்லாம் சாத்தியிருக்கும். லிப்டில் ஏறுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். காலையில் எங்கும் போக வேண்டாம், மாலையில் எங்கிருந்தும் திரும்ப வேண்டாம். அங்கே என்னை யார் தின்னனூர் என்று கூப்பிடுவார்கள்?

மறுநாள் ரயிலில் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டாபிராம் கையில் பாட்டில் இருந்தது. காரணம் சொல்லாமல் நிறுத்தச் சொல்லியிருந்ததால், கொஞ்சமாவது குடி என்று கொண்டுவந்திருந்தாள்.

"அப்போ நான்தான் உனக்கு வெசம் வச்சனா?" என்றாள். அழுகை, கோபம் இரண்டும் முட்டிக்கொண்டு வந்தன. "குடிக்க சொல்லோ நல்லா வாய பொளந்து குடிச்சிக்கினு, இப்போ என்னிய கொலகாரி ஆக்கறியா?"

"யா அல்லாஹ், என் பேரீச்சம்பழமுமா?" என்று ஆவடி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள்தான் நிதானமாகக் கேட்டாள்: "அதை விடுங்க. இப்ப என்ன பண்ணா குறையும்னு டாக்டர் சொன்னாங்க?"

சொன்னேன். மாத்திரை இருக்கிறது. பழத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்றிருக்கிறது. காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வெகுநேரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துக் கொட்ட வேண்டும். பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும்.

"வெந்த தண்ணிய கொட்றதா?" பட்டாபிராம் நெஞ்சில் கை வைத்தாள். காய் வெந்த தண்ணீரில் ரசம் வைக்காத வீடு எங்கள் பக்கம் உண்டா? சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள். எனக்கும் அது கையில் வராத வேலையாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிய கஷ்டம் நேரம். வீடு போய்ச் சேரவே இருட்டிவிடுகிறது. அதற்கப்புறம் ஊறப்போட்டு, வேகவைத்து, வடித்து எப்போது சாப்பிடுவது? சர்க்கரைக்காரி பசியோடு காத்திருக்கவும் முடியாது. முந்தின நாள் ராத்திரி பொறுமை இழந்து அரைகுறையாக ஊறியதையே தின்றிருந்தேன்.

பட்டாபிராம் பாட்டிலை ஜன்னலோரம் வைத்தாள். "ஏன்க்கா, காய வண்டிலதான நறுக்கறோம்? வண்டிலயே ஊற வச்சா இன்னா?"

அன்று மாலையே ஆரம்பித்துவிட்டோம். மூன்று பேரும் என் காயை முதலில் எடுத்துக்கொண்டோம். பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் அவரைக்காய் மிளகளவு பொடியாகிவிட்டது. கடையிலிருந்து பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்திருந்தேன். தூக்கில் காயைப் போட்டு, தண்ணீரை ஊற்றி, மூடி, சீட்டில் வைத்தோம். வியாசர்பாடியில் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. மூடி ஒருபக்கம், தூக்கு ஒருபக்கம். எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாளின் மடி முழுக்க அவரைக்காய். அவர் கண் விழித்து, யாரையும் திட்டாமல், ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, "இவ்ளோ பொடியா நறுக்குனா வாய்ல எப்டி தட்டுப்படும்?" என்றார்.

மறுநாள் ஆவடி ஒரு பெரிய திருகுமூடி டப்பாவோடு வந்தாள். பூந்தமல்லியில் அவள் அண்ணன் வீட்டில் பிரியாணி மசாலா போட்டு வைத்திருந்தது. எவ்வளவு கழுவியும் வாசனை போகவில்லை. அந்த வாரம் முழுக்க என் முட்டைக்கோஸும் சௌசௌவும் பட்டை லவங்க மணத்தோடு இருந்தன. பத்தியக்காரி நாக்குக்கு அதுவே விருந்து.

பிறகு அது பெட்டியின் வேலையாகிவிட்டது. சென்ட்ரலில் நறுக்கல், பெரம்பூருக்குள் ஊறல், அம்பத்தூரில் ஒருமுறை தண்ணீர் மாற்றல். பேசின் பிரிட்ஜ் பக்கம் சிக்னலுக்காக வண்டி நின்றால் முன்பெல்லாம் நாங்கள் போடாத சாபம் கிடையாது. இப்போது வண்டி நின்றதும் பட்டாபிராம் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "நிக்கட்டும் நிக்கட்டும். தின்னனூர் வரைக்கும் ஊறட்டும்" என்பாள். பெட்டியே சிரிக்கும். பெயர் தெரியாத பெண்களெல்லாம் இறங்கும்போது "காய் ஊறிச்சாக்கா?" என்று விசாரித்துவிட்டு இறங்கினார்கள்.

அப்படி நின்ற ஒரு நாள்தான் ஹார்மோன் விஷயத்தையும் அவளுக்குப் புரியவைத்தேன். அவள் கேட்டுவிட்டு, எதிரே எரிந்த சிவப்பு விளக்கைக் காட்டினாள். "இதான? வண்டி நல்லாத்தான் கீது. சிக்னல்தான் உயல. அதுக்கு ஏன்க்கா உன் பொண்ணு வண்டியயே ஷெட்டுக்கு இட்னு போறேங்குது?"

ஊறிய தண்ணீரை இறங்கியதும் நடைமேடை ஓரத்தில் நின்ற ஒரு செம்பருத்திக்கு ஊற்றுவேன். கீழே கொட்ட மனம் வராமல்தான் ஊற்ற ஆரம்பித்தேன். எனக்கு ஆகாத சத்து அதற்கு ஆயிற்றோ என்னவோ, வெளிறிக் கிடந்த செடி தடதடவென்று துளிர்த்தது. பொட்டாஷ் உரம் என்று காசு கொடுத்து வாங்குகிறார்களே, அதைத்தான் நான் தினமும் டப்பாவில் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சோதனை நாள் ஒரு சனிக்கிழமை வந்தது. காலையில் ஆவடியில் இறங்கி ரத்தம் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியில் வேலைக்குப் போனேன். மாலையில் சென்ட்ரலில் மகள் நின்றிருந்தாள். பெங்களூர் வண்டியிலிருந்து நேராக இறங்கியிருக்கிறாள். பக்கத்தில் ஒரு பெரிய சூட்கேஸ். தூக்கிப் பார்த்தேன். காற்றாக இருந்தது.

"எதுக்கு இது?"

"உன் புடவையெல்லாம் வைக்க. ரிசல்ட் என் போனுக்குத்தான் வரும். சொல்லி வச்சிருக்கேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய் லேடீஸ் பெட்டியில் ஏற்றினேன். பட்டாபிராம் என் மகளைக் கண்டதும் "வா கண்ணு" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். சூட்கேஸைப் பார்த்தாள். அது எதற்கென்று அவளுக்குத் தெரியும். அதைப் படுக்க வைத்தாள், மேலே செய்தித்தாளை விரித்தாள், பீன்ஸைக் கொட்டினாள்.

"நல்ல மேசையா கீதே" என்றாள். "உக்காரு கண்ணு, நீயும் நறுக்கு. பொடியா."

மகள் திகைத்துப்போய்க் கத்தியை வாங்கிக்கொண்டாள். மூன்று பக்கமும் கை ஓடுவதைப் பார்த்து அவளும் நறுக்கினாள். ஆவடி டப்பாவில் காயை அள்ளிப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடியைத் திருகி, ஒரு தடவை காதருகே குலுக்கிப் பார்த்தாள். "தினமுமா?" என்று மகள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

வில்லிவாக்கம் தாண்டும்போது அவள் போன் சிணுங்கியது. அவள் படித்தாள், மறுபடி படித்தாள்.

"நாலு புள்ளி எட்டு" என்றாள்.

"அத்த உடு," என்றாள் பட்டாபிராம். "பாஸா பெயிலா?"

"பாஸ்."

பெட்டியில் கிளம்பிய சத்தத்துக்குக் கொரட்டூர் நடைமேடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பட்டாபிராம் என் கன்னத்தைக் கிள்ளினாள். ஆவடி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, பையிலிருந்து இனிப்புப் பொட்டலத்தை எடுத்து எல்லோருக்கும் நீட்டினாள்; எனக்கு மட்டும் ஒரு ஆப்பிள் துண்டு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படிப் பாஸானதில்லை.

மகள் மட்டும் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில்தான் என்று முதலில் நினைத்தேன். அவள் சூட்கேஸ்மேல் சிதறியிருந்த பீன்ஸ் காம்புகளைக் கூட்டிக்கொண்டே, "எனக்கு அங்க யாரும் இப்படிக் காய் நறுக்கித் தர்றதில்லம்மா" என்றாள்.

அவள் என்னைக் கூப்பிட்டது என் கிட்னிக்காக மட்டும் இல்லை. இத்தனை நாளும் பொட்டாசியத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியவில்லை. அவள் தோளைப் பிடித்து இழுத்துச் சாய்த்துக்கொண்டேன். "லீவு போட்டுட்டு வர்றேன்டி. உடம்புக்காக இல்ல. உனக்காக. ஆனா வீட்டைப் பூட்டிட்டு வரமாட்டேன்" என்றேன். அவள் சரி என்றாள், கோபமில்லாமல்.

திங்கட்கிழமை காலை அவளும் எங்களோடு சென்ட்ரலுக்கு வந்தாள், பெங்களூர் வண்டியைப் பிடிக்க. சூட்கேஸில் இப்போது கனம் இருந்தது: பருப்புப்பொடி, முருங்கைக்கீரை, எனக்கு ஆகாதென்று வீட்டில் கிடந்த பேரீச்சம்பழம் முழுவதும். பட்டாபிராம் ஏறினாள். நான் மறந்தே போயிருந்த அந்தப் பழைய பாட்டில் அவள் கையில் இருந்தது. நிறைய வாழைத்தண்டு ஜூஸ்.

நான் முறைத்தேன்.

"உனக்கு யாரு குட்தாங்க?" என்று என்னை ஒதுக்கிவிட்டு, பாட்டிலை என் மகளிடம் நீட்டினாள். "உங்கம்மாக்குதான் ஆவாது. உனுக்கு அந்த ஆர்மோன்லாம் நல்லா வேல செய்து இல்ல? குடி கண்ணு. காலீல எய்ந்து உனுக்குன்னு அரச்சது."

மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பட்டாபிராம் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலிப் பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "அடுத்த தபா எப்போ வர்ற?" என்று கேட்டாள்.

மகள் போனை எடுத்துக் காலண்டரைப் பார்த்து, அவளிடம் தேதி சொன்னாள்.